ஒரு பீஸ் குறைவு

எங்கள் கம்பெனியில் யாரும் யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. மணிதான் அனுப்பும்.

மாதம் பிறந்ததும் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு, ஷெட்டின் வடக்குச் சுவரில் உள்ள பெரிய திரையில் ஒரு கோடு எழும்பும். தாழ்வாகத் தொடங்கி, நடுவில் வீங்கி, மறுபடி தாழ்ந்து போகும். கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். இருநூறு டெய்லர்களும் போன மாதம் தைத்த பீஸ்களை வைத்துக் கம்பெனி போடுகிற கோடு அது. பெரும்பாலானவர்கள் நடு வீக்கத்தில் கிடப்போம். இடது ஓரத்து வாலில் யார் பெயர் சிவப்பாக விழுகிறதோ, அவர்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கிளம்பியவர்களின் பட்டியல் அன்றே திருப்பூரில் உள்ள எல்லா ஷெட்டுக்கும் போய்விடும். ஆறு மாதத்துக்கு எவனும் சேர்க்க மாட்டான்.

இது 2061-ஆம் வருடத்துக் கதை. என் பெயர் கோபிகா. வயது நாற்பத்தேழு. டி-ஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்கிற வேலை. எங்கள் ஷெட்டில் இருநூறு பேருக்கும் அதே வேலைதான். கல்லூரியில் புள்ளியியல் இரண்டு வருடம் படித்தேன். மூன்றாவது வருடம் வீட்டில் விடவில்லை. அந்தக் கோபம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த மணிக் கோட்டை ஒவ்வொரு மாதமும் பார்க்கும்போது வயிறு எரியும். பாவம், அது நல்ல கோடு. நூறு பேரின் உயரத்தை அளந்தால் வருகிற கோடு. உலகம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வந்ததை வைத்து, உலகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆட்டி வைக்கிறார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

மாதம் பத்துப் பேர் போவார்கள். அடுத்த மாதம் புதிதாகப் பத்துப் பேர் வருவார்கள். எட்டு வருடமாக இப்படி வடிகட்டி, இப்போது ஷெட்டில் இருக்கிற எல்லோருமே கெட்டிக்காரர்கள். இருந்தாலும் மாதம் பத்துப் பேர் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

எனக்கு அடுத்த மெஷின் மிருதுளா. முப்பத்தொன்பது வயது. குரலே வெளியே வராது. மாதத்தின் முதல் பீஸைத் தைத்து முடித்ததும் எழுந்து போய், ஷெட் மூலையில் இருக்கும் பிள்ளையார் மடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவாள். பழைய பனியன் கம்பெனிகளில் எல்லோரும் செய்தது. இப்போது இவள் ஒருத்திதான் விடாமல் செய்கிறாள். அவள் கணவர் தினகருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செயற்கைச் சிறுநீரகம் வந்து இருபது வருடமாகிறது, ஆனால் அது வசதியானவர்களுக்கு வந்தது. எங்களுக்கு இன்னமும் வாரம் இரண்டு முறை ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடுகிற சோலிதான். அதுவும் மிருதுளாவின் கம்பெனி மருத்துவ அட்டையில்தான் நடக்கிறது. வேலை போனால் அன்றைக்கே அட்டை செத்துவிடும். அட்டை செத்தால் தினகர் இரண்டு வாரம் தாங்க மாட்டார்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து அவள் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. ஆவணி மாதக் கோட்டில் வாலுக்கு ஒரு நூலிழை மேலே நின்றாள். அடுத்த மாதம் தாங்காது என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

நான் நேரே டேட்டா ஆபீசர் அஸ்வத்தைப் பார்க்கப் போனேன். இருபத்தெட்டு வயதுப் பையன், கோயமுத்தூர்க்காரன். மணிக் கோட்டைப் போடுகிறவன் என்பதால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் மணியாட்டி. அவனுக்கும் அது தெரியும்.

"ஏனுங் தம்பி, மிருதுளாவுக்கு ஒரு மாசம் தவணை குடுக்கக் கூடாதுங்களா?" என்றேன்.

"நான் குடுக்கறதுக்கு என்னங்க்கா இருக்குது? அவங்க வயசு, வீட்டுத் தூரம், லீவு, வீட்டுல நோயாளி, எல்லாத்தையும் வச்சு, இனி எவ்வளவு தைப்பாங்கன்னு கணிக்கிறதுக்கு சிஸ்டம் ஒரு ரெக்ரஷன் கோடு போடும். அடுத்த மாசம் பன்னெண்டாயிரத்து நூறு பீஸ்தான் தைப்பாங்கன்னு போட்டிருக்குது."

"அந்தக் கோடு அவ தச்சத வச்சுப் போட்டதுங்களா?"

"இல்லீங்க்கா. அவங்கள மாதிரி இருந்த நாலாயிரம் பேரு தச்சத வச்சுப் போட்டது."

"அப்ப எவளோ நாலாயிரம் பேரு விழுந்தாங்கன்னு இவளும் விழுந்தே ஆகணுமாக்கும்?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அக்கா, போன மாசம் அடியில இருந்தவங்களைக் கூப்பிட்டு மேனேஜர் திட்டினாரு. இந்த மாசம் பாதிப் பேரு மேல ஏறிட்டாங்க. கண்டிப்பு வேலை செய்யுதுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தம்பி, காய்ச்சல், நூல் அந்து போனது, கரண்டு போனதுன்னு ஏதோ ஒரு கெட்ட நேரத்துல அடியில போனவன் அடுத்த மாசம் தானா நடுவுக்குத்தான் வருவான். முதல்ல வந்தவனும் நடுவுக்குத்தான் எறங்குவான். நீங்க திட்டுனாலும் சரி, தேங்கா ஒடைச்சாலும் சரி. ரெண்டாவது வருசப் பாடம்ங்க இது. உங்க காலேஜுல நடத்துலீங்களா?"

"நடத்துனாங்க," என்றான் மெதுவாக. பிறகு அவனாகவே சொன்னான்: "ஆனா ஒண்ணுங்க்கா. மாசம் பத்துப் பேரை எடுக்கணும்னு யாரும் உக்காந்திருக்கலை. சராசரிக்குக் கீழ, திட்ட விலக்கத்துல ஒண்ணு புள்ளி ஆறு அஞ்சு மடங்கு தள்ளி இருந்தாத்தான் சிவப்பு. அந்த எல்லைக்குக் கீழ யாருமே இல்லைன்னா யாரையும் எடுக்க மாட்டோம். விதியிலயே எழுதியிருக்குது."

அந்த விதியை மனதில் ஓட்டிக்கொண்டே திரும்பி நடந்தேன். திட்ட விலக்கம் என்பது வேறொன்றும் இல்லை. நடுவில் இருந்து ஆட்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதற்கு ஒரு அளவு, அவ்வளவுதான். யாருமே சிதறாவிட்டால்?

அன்றைக்கு டீ நேரத்தில் நான் சொன்னேன். "நம்ம சராசரி மாசம் பதிமூணாயிரம். ஒரு நாளைக்கு ஐநூறு, இருபத்தாறு நாளு. எல்லாரும் அச்சு மாறாம அதையே தைப்போம். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. கம்பெனிக்கு மொத்தத்துல ஒரு பீஸும் நட்டம் இல்ல. சிதறலே இல்லைன்னா வாலு எங்கிருந்து வரும்?"

ஒடிசாவில் இருந்து வந்து இருபது வருடமாக எங்களோடு தைக்கிற சஸ்மிதா கேட்டாள்: "மெதுவாத் தைக்கிறவங்க எப்பிடிக்கா ஐநூறு முடிப்பாங்க?"

"வேகமாத் தைக்கிறவங்க ஐநூறு முடிஞ்சதும் எந்திரிச்சு, அவங்க மெஷின்ல உக்காரணும்."

எல்லோரும் பரணியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷெட்டின் நம்பர் ஒன் பரணிதரன். ஒரு நாளைக்கு அறுநூற்றுப் பத்து தைப்பார். பன்னிரண்டு வருடத்தில் அவர் பெயரில் ஒரு டேமேஜ் கிடையாது. அவர் போட்டோ கேன்டீன் வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும்.

"என்ற போட்டோவக் கழட்டிருவாங்களே கோபிகா," என்றார்.

"கழட்டுனா என்ற வீட்டுல மாட்டிக்கறனுங்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு ஐநூறை முடித்தவர், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து மிருதுளாவின் மெஷினில் உட்கார்ந்தார். "எந்திரி அம்மிணி, போய்த் தண்ணி குடிச்சுட்டு வா," என்றார். மாதம் முழுக்க வந்தார். ஒரு நாள்கூட முகம் மலர்ந்து வரவில்லை, ஒரு நாள்கூட வராமலும் இல்லை.

ஒவ்வொரு மெஷினிலும் பீஸ் எண்ணுகிற மீட்டர் உண்டு. கம்பெனி கணக்கில் எடுப்பது அதை இல்லை, செக்கிங் கேட்டைத் தாண்டுகிற பீஸை. அந்த எண்ணிக்கையை மாதக் கடைசி வரை எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். ஆகையால் நாங்கள் மீட்டரை நம்பினோம். கடைசி நாள் சாயங்காலம் இருநூறு மீட்டரையும் நானே வரிசையாகப் போய்ப் பார்த்தேன். பதிமூன்றாயிரம், பதிமூன்றாயிரம், பதிமூன்றாயிரம். மிருதுளா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குத் திரை எரிந்தது. மணி இல்லை. நடுவில் ஆணி அடித்த மாதிரி நேராக ஒரு கோடு. ஷெட்டே விசிலடித்தது. அடுத்த நொடி இடது கோடியில், கோட்டுக்கு ரொம்ப ரொம்பத் தொலைவில், ஒரே ஒரு பெயர் சிவப்பாக விழுந்தது.

மிருதுளா. பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

விசில் அடங்கிவிட்டது. மீட்டரை நான் என் கண்ணால் பார்த்தேனே! அப்புறம்தான் மூலையில் பிள்ளையார் கண்ணில் பட்டார். அவர் மடியில், மஞ்சள் பூசி மடித்த ஒரு டி-ஷர்ட். மீட்டர் எண்ணியது, கேட்டைத் தாண்டவில்லை. மாதத்தின் முதல் பீஸ். அவள் அதை எடுத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால்தான் நடந்து போயிருப்பாள். கணக்குப் போட்ட மகாராணிக்கு அது தெரியவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மிருதுளா டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள். "அவருக்கு இன்னைக்கு மத்தியானம் ரத்தம் சுத்தம் பண்ற நாளுங்க்கா," என்றாள். "அட்டை மத்தியானம் வரைக்கும் ஓடுங்களா?"

நான் அஸ்வத்தின் கண்ணாடி அறைக் கதவை உதைத்துத் திறந்தேன்.

"ஒரு பீஸுக்கா தம்பி? ஒரே ஒரு பீஸுக்கா?"

அவன் முகம் வெளுத்திருந்தது. "எல்லாரும் ஒரே மாதிரி இருந்ததாலதாங்க்கா. சிதறல் ரொம்பச் சின்னதாப் போச்சு. அந்தச் சின்ன அளவுல பாத்தா ஒரு பீஸுங்கறது மலை. பதினாலு மடங்கு கீழ இருக்காங்க. பிரபஞ்சம் பொறந்த நாள்ல இருந்து தினம் ஒரு டெய்லரைப் பாத்திருந்தாலும் இவ்வளவு மோசமான டெய்லரைப் பாத்திருக்க முடியாதுன்னு சிஸ்டமே லெட்டர் அடிச்சிருச்சு."

"அந்தா பிள்ளையார் மடியில இருக்குது. எடுத்து கேட்டுல காட்டறேன்."

"மாசம் முடிஞ்சா கூட்ட முடியாதுங்க்கா. கழிக்க மட்டும்தான் முடியும்."

"கழிக்க முடியுமா? எப்புடி?"

"தச்சவங்களே வந்து இது என் டேமேஜுன்னு சொன்னா, காலைல பத்து மணி வரைக்கும் ஒரு பீஸ் குறைச்சுக்குவோம். அப்படி யாருங்க்கா வருவா?" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

அவன் மேஜையில் கிடந்த பண்டல் சீட்டின் பின்பக்கத்தில் நான் கணக்குப் போட்டேன். இருபத்தேழு வருடம் கழித்து. வர்க்கமூலம் மறக்கவில்லை. சீட்டை அவனிடம் நீட்டினேன். அவன் ஒரு முறை பார்த்து, கணினியிலும் ஒரு முறை பார்த்து, தலையாட்டினான். "சரியாத்தாங்க்கா இருக்குது. அம்பத்தி நாலு."

வெளியே வந்து செக்கிங் மேஜை மேல் ஏறி நின்றேன்.

"கேளுங்க. நான் ஒண்ணும் மறைக்கலை. நேத்து தச்ச பண்டல் எல்லாம் இங்கதான் கெடக்குது. நம்ம பீஸ் ஒண்ணை எடுத்துக் கையப் பிச்சுட்டு, டேமேஜுன்னு குடுத்தா நமக்கும் மிருதுளாவாட்டம் ஒண்ணு குறையும். ஆனா நான் ஒருத்தி மட்டும் குடுத்தா அவளும் சிவப்பு, நானும் சிவப்பு. பத்துப் பேரு குடுத்தா பத்துப் பேரும் போவோம். மிருதுளாவோட சேத்து அம்பத்தி மூணு பேரு வரைக்கும் அத்தனை பேரும் சிவப்புதான், அத்தனை பேருக்கும் வேலை போயிரும். அம்பத்தி நாலாவது ஆளு சேர்ந்தா, அத்தனை பேரு குறைஞ்சது குறைச்சலே இல்லைன்னு ஆயிரும். சராசரி கீழ எறங்கும், சிதறல் அகலமாகும், எல்லாரும் ஒண்ணாத் தப்பிப்போம்."

"அம்பத்தி நாலு சேரலைன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சேரலைன்னா வந்தவங்க எல்லாம் தெருவுலதான். அதனால யாரையும் நான் கூப்பிடலை. நான் மட்டும் போறேன்."

கீழே இறங்கி, என் பண்டலில் இருந்து ஒரு சட்டையை உருவி, அதன் கையைப் பிடித்து இழுத்தேன். டர்ரென்று கிழிந்தது. டேமேஜ் கேட்டில் போட்டேன். திரையில் மிருதுளாவின் பெயருக்கு அடுத்து என் பெயரும் சிவப்பானது. மணி ஒன்பது இருபது.

"அக்கா, வேண்டாங்க்கா, சாமி சத்தியமா வேண்டாம்," என்று மிருதுளா அழுதாள்.

"வாய மூடு," என்றேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

சஸ்மிதா வந்தாள். டர்ர். அவளுக்குப் பின்னால் அவள் வரிசை முழுக்க எழுந்து வந்தது. பதினாறு சிவப்பு. பிறகு ஒவ்வொருவராக, இரண்டு பேராக. இருபத்தொன்பது. அங்கே ஒரு ஐந்து நிமிடம் யாரும் அசையவில்லை. பிள்ளையைக் காலேஜில் படிக்க வைக்கிறவர்கள், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிறவர்கள், அவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஒன்பது நாற்பதுக்கு அஸ்வத் வெளியே ஓடி வந்தான். "அக்கா, மேனேஜர் கோயமுத்தூர்ல இருந்து வந்துட்டு இருக்காரு. எல்லாரும் சிவப்பாயிட்டே போறீங்க, நிறுத்துங்க," என்றான். அவன் அப்படிச் சொன்னதும் மூன்று பேர் வீம்புக்கே வந்து கிழித்தார்கள். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர். நாற்பத்து நாலு. ஐம்பது. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஐம்பத்து மூன்று.

அதோடு நின்றுவிட்டது. ஐம்பத்து மூன்று சிவப்புப் பெயர்களும் சுவரில் எரிந்துகொண்டிருந்தன. என் மனதில் வெசனம் கல்லாக விழுந்தது. ஒருத்தியைக் காப்பாற்றக் கிளம்பி ஐம்பத்து இரண்டு பேரைத் தெருவில் நிறுத்திவிட்டேனே!

அப்போது பரணி தன் பண்டல் முன்னால் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. கையில் ஒரு சட்டை. அதன் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வருசம்," என்றார், யாரிடம் என்று இல்லாமல். "என்ற பேருக்கு எதுக்க டேமேஜுன்னு ஒரு எழுத்து வந்ததில்ல."

ஒன்பது ஐம்பத்தேழு. அவர் சட்டையின் கையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். கிழியவில்லை. மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். துணி நீண்டது, தையல் அசையவில்லை.

"என்னத்தப் பாத்துட்டு நிக்கறீங்க?" என்று கத்தினார். "நான் தச்சது வெறுங்கையில பிரியுமா? கத்திரியக் கொண்டாங்க!"

மிருதுளாதான் ஓடிப் போய்க் கொடுத்தாள். அவர் நிதானமாக ஒரு வெட்டு வெட்டினார். சட்டையை டேமேஜ் கேட்டில் போட்டுவிட்டு, திரையைத் திரும்பிப் பார்க்காமல் தன் மெஷினுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எரிந்துகொண்டிருந்த ஐம்பத்து மூன்று சிவப்பும் ஒரே நொடியில் அணைந்தன.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? நோம்பித் திருவிழாவுக்குக்கூட எங்கள் ஷெட் அப்படிக் கத்தியதில்லை. மீதி நூற்று நாற்பத்தாறு பேரும் கேட்டுக்கு முண்டியடித்தார்கள். இனிப் பயமில்லை, கிழிக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஆனாலும் கிழித்தார்கள். பத்து மணி அடித்தபோது இருநூறு பேருக்கும் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. சிதறல் பூஜ்யம். பூஜ்யத்தால் எதை வகுப்பது? "கணக்கிட இயலாது" என்று திரையில் எழுத்து வந்தது. வால் பட்டியலில் "யாரும் இல்லை" என்று அஸ்வத் தன் கையாலேயே அடித்து அனுப்பினான். மத்தியானம் மருத்துவ அட்டை ஓடியது.

பட்டியலை அனுப்பிய கையோடு அஸ்வத் என் மெஷின் பக்கம் வந்திருந்தான். "மேனேஜர் வந்ததும் கம்பெனில வேற ஏதாவது முறை கொண்டு வருவாங்கக்கா."

"வரட்டுங்க தம்பி. அதுலயும் ஒரு சராசரி இருக்குமில்ல? பாத்துக்கலாம்."

புது மாதத்தின் மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. மிருதுளா முதல் பீஸை முடித்தாள். பழக்க தோஷத்தில் அதை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தவள், என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். "வேண்டாங்க்கா. இனிமே வெறுங்கையோட கும்பிட்டுக்கறேன்."

அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். பரணி. கையில் அவருடைய முதல் பீஸ். "வழிய விடு அம்மிணி," என்று சொல்லிவிட்டு மூலையைப் பார்த்து நடந்தார். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். சஸ்மிதா எழுந்தாள். வரிசை வரிசையாக எழுந்தார்கள். கால் மணி நேரத்தில் டி-ஷர்ட் குவியலுக்குள் பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

சாயங்காலம் அஸ்வத் டேப்லெட்டோடு வந்து நின்றான். "அக்கா, கேட்டுல இருநூறு பீஸ் குறையுது. என்னன்னு எழுதட்டும்?"

"யாருக்கு எவ்வளவு குறையுதுங்க?"

"ஆளுக்கு ஒண்ணு."

"எல்லாருக்கும் ஒண்ணு குறைஞ்சா யாருக்கும் குறையலைன்னு எழுதிக்குங்க தம்பி," என்றேன்.

அவன் பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அப்படியே எழுதிக்கொண்டான்.